ஓடைப் பக்கத்துப் பாதி

மற்ற சலூன்களில் நாற்காலியைச் சுழற்றுவார்கள். பம்பரம் நாற்காலியைத் தொடமாட்டார். அவரே சுற்றி வருவார். வலது காதோரம் நாலு வெட்டு, பின்னங்கழுத்தில் ஒரு எட்டிப்பார்ப்பு, நடுவில் வாசல்வரை போய்த் தெருவை ஒரு நோட்டம், திரும்பி வந்து விட்ட இடத்தில் மறுபடி கத்தரி. உட்கார்ந்திருப்பவருக்குத் தலை சுற்றாது, காத்திருப்பவருக்குச் சுற்றும். பெஞ்சில் காத்திருந்த யாரோ ஒருவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தம்பி. அண்ணன் நடந்து தேய்த்த தரைக்கெல்லாம் ஈடுகட்டுவதுபோல் தம்பி உட்கார்ந்தே இருப்பார். எரிந்துபோன மின்விசிறி, புகைந்துபோன தண்ணீர் மோட்டார் இவற்றைப் பிரித்துப் புதிதாகச் செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதாவது காயில் கட்டிக் கொடுப்பது அவர் வேலை. சுற்றும்போது எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் மறுபடி புகையும். அதனால் கம்பி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். இடது கையில் ஒரு விரல் மட்டும் மேலே எழும். ‘பொறு’ என்று அர்த்தம். கல்யாணம் பேச வந்த தரகரிடமும் அந்த விரல்தான் எழுந்தது. அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தம்பி தனிக்கட்டையாகவே நின்றுவிட்டார்.

அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தார்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. ஒரு முனை பஸ் போகும் தெருவில் இருந்தது. மறு முனை ஓடையில். ஓடை என்று வரைபடத்தில்தான் போட்டிருந்தது. நேரில் பார்த்தால் சிமென்ட் பலகை போட்டு மூடிய சாக்கடை. ஊரில் இருந்த வீடுகளெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கழிப்பறைக் குழாய், சமையல் புகை, உள்ளாடை காயும் கொடி, கால் உடைந்த கட்டில், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்ட மாமனார், எல்லாவற்றுக்கும் பின்பக்கம்தான் இடம்.

“சலூனுக்குத் தெரு வேணும்டா” என்றார் பம்பரம். “நீ உள்ள உட்கார்ந்து கம்பி சுத்துறவன். எங்க உட்கார்ந்தா என்ன? அதுவுமில்லாம...” என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் தம்பிக்கு மோப்பம் போய்விட்டிருந்தது. “உனக்கு அந்த வசதி இருக்கு. எனக்கு இல்லையே.”

தம்பி “சரிண்ணே” என்றார். நடுவில் சுவர் எழும்பியது. பேரத்தில் தான் ஜெயித்ததாக அண்ணன் நினைத்துக்கொண்டார், தம்பி எதையும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து நகராட்சிக்குத் திடீரென்று ஓடையின் ஞாபகம் வந்தது. மூன்று கால் கருவியை வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்கள் வந்தார்கள். சலூன் பெஞ்சு சிரித்தது. சாக்கடையைத் திறந்துவிட்டால் ஆறாகிவிடுமா, அப்படியானால் என் மாமியாரையும் கொஞ்சம் திறந்து பாருங்களேன் என்றெல்லாம் பேச்சு நடந்தது. ஓடையை மூடியபோது ரிப்பன் வெட்டிய அதே தலைவர் திறக்கும்போதும் வெட்ட வந்தார். மூடியதும் முன்னேற்றம்தான், திறப்பதும் முன்னேற்றம்தான் என்று விளக்கினார். இரண்டுக்கும் ஒரே அளவு கைதட்டல் கிடைத்தது.

பலகைகளைத் தூக்கிய அந்த வருஷத்தை ஊர் மறக்காது. மூடி வைத்திருந்த காலத்து நாற்றமெல்லாம் வட்டி போட்டு வெளியே வந்தது. சலூனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடி வெட்டிக்கொண்டார்கள். பம்பரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார், அதனால் சிலருக்குக் கிருதா ஏற்றத்தாழ்வாக அமைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி ஜன்னலை விரியத் திறந்து வைத்து, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டார். அக்கம்பக்கத்தார் அவரை ஒரு மகானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கழிவுக்கெல்லாம் தனிக் குழாய் போட்டு, கரை கட்டி, ஒருநாள் தண்ணீரை விட்டார்கள். முதல் மழைக்காலத்தில் அது சேற்று நிறத்தில் போனது. அடுத்ததில் பாசி வந்தது, பாசிக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குச் சின்ன மீன் வந்தது. மீனுக்காக நாரை வந்து ஒற்றைக் காலில் நின்றது. நாரையைப் பார்க்க மனிதர்கள் வந்தார்கள். மனிதர்கள் வந்ததும் பெஞ்சு போட்டார்கள், பெஞ்சு வந்ததும் காதலர்கள் வந்தார்கள், காதலர்களைக் கண்காணிக்க நடைப்பயிற்சிக்காரர்கள் வந்தார்கள். டாக்டர் சொல்லியும் கட்டிலை விட்டு இறங்காதவர்களெல்லாம் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு கையை வீசி நடந்தார்கள்.

அப்புறம்தான் ஊர் திரும்பிக்கொண்டது. எல்லார் வீட்டிலும் சுத்தியல் சத்தம். பின்சுவரில் ஜன்னல், ஜன்னல் இருந்த இடத்தில் கதவு, கதவு இருந்த இடத்தில் பால்கனி. உள்ளாடைக் கொடி தெருப்பக்கம் வந்தது. பூந்தொட்டி ஓடைப்பக்கம் போனது. மாமனார்களின் அறையை மருமகன்கள் வாங்கிக்கொண்டார்கள். விருந்தாளிகளிடம் “ஓடைப் பக்கமா வாங்க” என்று வழி சொன்னார்கள். பஸ்ஸை வேறு தெருவுக்குத் திருப்பினார்கள். ஓடைக்கரை அழகாக இருக்க வேண்டுமே என்று குப்பைத் தொட்டிகளையெல்லாம் தெருவுக்கு நகர்த்தினார்கள். அதில் பெரிய பச்சைத் தொட்டி ஒன்று சலூன் வாசலுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது.

பம்பரத்துக்குத் தூக்கம் போனது.

“நாரை வந்திருக்கே, பார்த்தியா?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற தபால்காரர். முன்பெல்லாம் முழங்கால் வலியைத் தவிர வேறு பேச்சே இல்லாதவர். இப்போது கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. அதைக் கழற்றாமலே துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

“எங்கேருந்துங்க பார்க்கிறது? என் வாசல்ல காக்காதான் வருது.”

“அட, உன் தம்பி ஜன்னல்ல நின்னா கையால தொடலாம் போலிருக்கு. என்ன கொடுப்பினைய்யா அவனுக்கு!”

அன்று தபால்காரரின் பின்னங்கழுத்தில் கத்தரி கொஞ்சம் ஆழமாகவே போனது.

கொடுப்பினை தபால்காரரின் வாயோடு போயிருந்தால் பரவாயில்லை. வாடிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஜனங்கள் நடப்பது ஓடைக்கரையில். குப்பைத் தொட்டியைத் தாண்டி வந்து முடி வெட்டிக்கொள்ள யாருக்கு என்ன தலைவிதி? நாலு வீடு தள்ளி ஓடையைப் பார்த்த மாதிரி கண்ணாடிச் சுவர் போட்டு ஒரு புது சலூன் திறந்தார்கள். அங்கே முடி வெட்டும்போது மீன்கொத்தி தெரியுமாம். இப்படியே போனால் சலூனை மூட வேண்டியதுதான். பம்பரத்துக்கு அதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஒரே வழிதான் இருந்தது. பாதியை மாற்றிக்கொள்ள வேண்டும். தம்பி தெருப்பக்கம், தான் ஓடைப்பக்கம். கேட்டால் தம்பி “சரிண்ணே” என்பார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நடுச்சுவர் வந்த பிறகு அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் போவது ஊர்ப் பயணம். தெருக்கோடிவரை நடந்து, நடைபாலத்துப் பக்கம் திரும்பி, கரையோடு அத்தனை வீட்டையும் தாண்டி வர வேண்டும். பம்பரம் கிளம்பினார். போய் நின்றால் தம்பி கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். விரல் எழுந்தது. பம்பரம் நின்றார், உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், வந்தார். தம்பியின் காதை முடி மூடியிருந்தது கண்ணில் பட்டது. கை சும்மா இருக்குமா? சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பும் கத்தரியும் இருக்கும்.

“கேட்டீங்களா?” என்றார் மனைவி, வீடு திரும்பியதும்.

“அவன் தலையப் பார்த்தியா? கூடு மாதிரி வளர்த்து வச்சிருக்கான்.”

“உங்கள வீட்டைக் கேட்கத்தான் அனுப்பினேன். முடிய அள்ளிட்டு வரவா அனுப்பினேன்?”

அடுத்த வாரமும் போனார். விரல் எழுந்தது. பம்பரம் காதோரத்தைச் சரி செய்துவிட்டு வந்தார். அதற்கடுத்த முறை பின்னங்கழுத்து. சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனிவரை வரும்; அதற்குள் கத்தரி முந்திக்கொள்ளும். மழை வந்து போனது, ஓடையில் அல்லி பூத்தது, தம்பியின் தலை மட்டும் மொட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் நடப்பவர்கள் ஜன்னலை எட்டிப் பார்த்து “உடம்புக்கு ஏதாவதா?” என்று விசாரித்தார்கள். தம்பி விரலை உயர்த்தினார்.

ஒருநாள் மனைவியே கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“ஏங்க, உங்க தம்பி எண்ணிட்டிருக்கார்.”

“அவன் வேலையே அதுதானே.”

“கையில கம்பியே இல்லங்க! என்னைப் பார்த்ததும் வெறுங்கைய ஆட்டிக்கிட்டு எண்ண ஆரம்பிச்சார். நூத்துப் பன்னெண்டு, நூத்துப் பதிமூணுன்னு. ஒன்னுலேருந்துகூட ஆரம்பிக்கல!”

பம்பரம் அன்று முழுக்கச் சலூனில் இருபது தடவை வாசலுக்கும் கண்ணாடிக்கும் நடந்தார். தம்பிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எண்ணுகிறான். அப்படியானால் என்ன அர்த்தம்? யோசிக்க யோசிக்க நடை கூடியது. வாடிக்கையாளர் இல்லாததால் யாருக்கும் தலை சுற்றவில்லை.

இந்த நிலைமையில்தான் வீட்டுத் தரகர் வந்து சேர்ந்தார். கறுப்புக் கண்ணாடி, இரண்டு போன், நாள்பட்ட தாடி. தாடியை எடுத்துவிடச் சொல்லி உட்கார்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய் தானாகத் திறக்கும் ஜாதி. பாதி முகத்தை மழித்து முடிப்பதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது.

“பின்னாடி ஒரு காயில்காரர் இருக்காரே, அவர் இடத்துக்குத்தான் வந்தேன். ஊரெல்லாம் கடை வச்சிருக்கிற காபிக் கம்பெனி கேட்குது. ஓடைக்கு இவ்வளவு ஒட்டி வேற இடமே இல்லைங்களாம். நாளைக்குப் பேசி முடிச்சிடுவேன். மனுஷன் வாய் பேசமாட்டேங்கிறார். ஆனா இந்த மாதிரி ஆளுங்கதான் சட்டுனு கையெழுத்துப் போட்டுடுவாங்க, என்ன சொல்றீங்க?”

பம்பரம் அங்கே இல்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

கையில் சவரக் கத்தியோடு ஒரு மனிதர் ஓடைக்கரையில் தலைதெறிக்க ஓடி வந்தால் நடைப்பயிற்சிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் ஓடினார்கள். அதுவரை நடக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த சிலர் அன்று நல்ல வேகம் காட்டினார்கள். பெஞ்சிலிருந்த ஒரு ஜோடி பிரிந்து இரண்டு திசையில் போனது. நாரை மட்டும் காலை மாற்றி வைத்துக்கொண்டு நின்றது.

தம்பி உள்ளே கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். உண்மையான கம்பி. விரல் எழுந்தது.

“விரலை மடக்குடா!” என்றார் பம்பரம், மூச்சு வாங்க. “பாதிய மாத்திக்கலாம். நீ தெருப்பக்கம் போ, நான் இங்க வர்றேன். கேட்டுட்டேன். இப்பச் சொல்லு.”

தம்பியின் கை நின்றது. எண்ணிக்கை போயிற்று. அவர் காயிலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“முதல்ல கத்திய மடக்குண்ணே.”

பம்பரம் மடக்கிப் பையில் போட்டார்.

“முடியாதுண்ணே.”

பம்பரத்துக்குக் காது சரியாகத்தான் கேட்டது. ஆனாலும் தம்பி வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் அதுவரை கேட்டதில்லை. சுற்றிப் பார்த்தார், வேறு யாராவது பேசினார்களா என்று.

“காபிக்காரனுக்குக் கொடுக்கப் போறியா?”

“அவருக்கும் முடியாதுன்னு நேத்தே சொல்லிட்டேன்.”

“பின்ன நாளைக்கு முடிச்சிடுவேங்கிறான்?”

“தரகர்னா அப்படித்தான் சொல்லுவார். உனக்குத் தெரியாதா?”

பம்பரம் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடக்க ஆரம்பித்தார். “ஏண்டா, உனக்கு என்ன? எங்க உட்கார்ந்தாலும் கம்பிதானே சுத்தப் போற?”

“இதையேதான் வீடு பிரிச்சப்பவும் சொன்னே” என்றார் தம்பி. குரலில் கோபமில்லை, அதுதான் பம்பரத்தை நிற்க வைத்தது. “அப்ப நீ சொன்னது சரிதான். எனக்கு எங்கன்னாலும் ஒன்னுதான். வந்தேன். பலகையைத் தூக்கினாங்க, ஊரே ஜன்னலைச் சாத்துச்சு. நான் பார்த்துட்டே இருந்தேன். தண்ணி முதல்ல வந்தப்போ ஒரு பழைய செருப்பைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. அதைக்கூடப் பார்த்தேன். இப்போ எண்ணி முடிச்சுத் தலையைத் தூக்கினா, வெளிய ஒன்னு அது பாட்டுக்குப் போய்ட்டிருக்கு. பிடிச்சிருக்குண்ணே. வேற காரணமில்ல.”

“அப்படின்னா முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! கம்பியில்லாம எண்ணினியாமே, உங்க அண்ணி பார்த்திருக்கா.”

தம்பி முதல்முறையாகத் தலை குனிந்தார். “நீ கேட்டா நான் முடியாதுன்னு சொல்லணும். உங்கிட்ட சொல்லிப் பழக்கமில்ல. அதான் கேட்காம இருக்கட்டும்னு தலையக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன்.” மொட்டைக்கு அரையங்குலம் மிச்சமிருந்த தலையைத் தடவிக்கொண்டார். “இன்னும் ரெண்டு தடவை வந்திருந்தா கொடுக்கவும் ஒன்னும் இருந்திருக்காது.”

அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்து சேர்ந்தார். ஒரு கன்னம் பளபளவென்றிருந்தது, மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது, கழுத்தில் சலூன் துண்டு. கரை முழுக்க விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். “ஏன் சார், மீதிப் பாதி யாரு செய்வாங்க?” என்றார். வந்த இடத்தில் காயில்காரரைப் பார்த்ததும் தொழில் ஞாபகம் வந்து, “ஐயா, நாளைக்கு...” என்று ஆரம்பித்தார்.

விரல் எழுந்தது.

பம்பரம் அவரை வாசற்படியில் உட்கார வைத்து மீதியை மழித்தார். மழிக்கும்போதும் தம்பியிடம் புலம்புவதை நிறுத்தவில்லை. “அப்போ நான் என்னதான் பண்றது? என் வாசல்ல குப்பைத் தொட்டி நிக்குது. யாரு வருவா? கடையை மூடிட்டு உங்க அண்ணிகூட நாள் முழுக்க வீட்டுல உட்காரச் சொல்றியா? என்னால உட்கார முடியுமாடா? அவளாலதான் தாங்க முடியுமா?”

தரகர் தலையசைக்கப் பார்த்தார். கத்தி கன்னத்தில் இருந்ததால் விட்டுவிட்டார்.

“ஒரு கதவாவது வை” என்றார் பம்பரம் கடைசியில். “நடுச்சுவத்துல. ஜனங்க கரையோட வரட்டும், உன் வழியா நுழைஞ்சு என் நாற்காலிக்கு வரட்டும். உனக்கு என்ன, ஓரமா நடந்து போகப் போறாங்க.”

தம்பி நடுச்சுவரைப் பார்த்தார். இந்த முறை எண்ணவில்லை. அப்புறம் சொன்னார். “வைக்கலாம். தாழ்ப்பாள் என் பக்கம்.”

“ஏண்டா! நான் என்ன திருடனா?”

“நீ பம்பரம்ணே. உன் பக்கம் தாழ்ப்பாள் இருந்தா நான் ஒரு காயில்கூட முடிக்க முடியாது.”

தரகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் தாடையில் சின்னதாக ஒரு கீறல். அதற்குப் படிகாரம் தடவிவிட்டு, கரையோடு திருப்பி அனுப்பினார்கள்.

கொத்தனார் வந்து சுவரைத் துளைத்துக் கதவு வைத்தார். இப்போது அந்த சலூனுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஓடைக்கரையோடு வருகிறவர்கள் காயில்காரர் வாசலில் நின்று பார்ப்பார்கள். அவர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தால் கதவு சாத்தியிருக்கும். படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டியதுதான். ஒரு காயில் முடிந்தால் எழுந்து தாழ்ப்பாளை இழுப்பார். வரிசையாக உள்ளே போவார்கள். அடுத்த காயிலுக்குக் கம்பியை எடுக்கும்போது மறுபடி சாத்திவிடுவார். முடி வெட்டி முடித்தவர்கள் சலூன் பக்கம் மாட்டிக்கொண்டால் தெருவழியே, குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கண்ணாடி சலூனில் மீன்கொத்தி தெரியும். இங்கே படியில் உட்கார்ந்தால் அதோடு பேசவே செய்யலாம் என்று தபால்காரர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சலூன் பிழைத்தது. பம்பரம்தான் இன்னும் நிலைகொள்ளவில்லை. முன்பு வாசலுக்கும் கண்ணாடிக்கும் நடந்தவர் இப்போது கதவுக்கும் கண்ணாடிக்கும் நடக்கிறார். நாலு வெட்டு வெட்டிவிட்டுப் போய்க் கதவில் காதை வைப்பார். எதுவும் கேட்காவிட்டால் திரும்பி வருவார். கேட்டாலும் திரும்பி வருவார்.

“ஏங்க” என்றார் மனைவி, சீப்புகளைக் கழுவிக்கொண்டே. “நம்ம பக்கமும் ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டா என்ன? அவர் மட்டும்தான் சாத்தணுமா? நீங்களும் ஒருநாள் சாத்தி வைங்க, அப்போ தெரியும்.”

பம்பரம் கத்தரியை நிறுத்தினார். அந்த யோசனை அவருக்குப் பிடித்ததுபோல்தான் இருந்தது. கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் எங்கே போடலாம் என்று கையால் அளந்துகூடப் பார்த்தார்.

“வேணாம்” என்றார். “நான் சாத்தி வச்ச நேரமாப் பார்த்து அவன் திறந்தான்னா?”

“தட்டுவார்.”

“அவனா? தட்டமாட்டான். உட்கார்ந்து எண்ண ஆரம்பிச்சுடுவான்.”

மறுபக்கம் இரும்பு உராய்கிற சத்தம் கேட்டது. கதவு நாலு விரல் அளவு விலகியது, தண்ணீர் ஓடும் சத்தம் உள்ளே வந்தது. நாற்காலியில் ஒரு காது மட்டும் தெரிகிற அளவுக்கு முடி வெட்டப்பட்ட ஒருவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். “இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்” என்று குரல் மட்டும் ஓடைப் பக்கத்திலிருந்து கேட்டது.